டைரக்ட் கொடுக்காதீர்கள்: வடசென்னை எலக்ட்ரீஷியன்களுக்கு ஒரு திறந்த மடல்

வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை வீட்டு வயரிங் வேலை பார்க்கும் அண்ணன் தம்பிகளுக்கு வணக்கம்.

நான் கீசர் சர்வீஸ் பார்ப்பவன். பெரும்பாலும் நீங்கள் பார்த்துவிட்டுப் போன வீட்டுக்குத்தான் அடுத்ததாக என்னைக் கூப்பிடுகிறார்கள். அதனால் நேராகவே கேட்கிறேன்: "கீசர் போட்டா டிரிப் ஆகுது" என்று சொல்லும் வீட்டில் ஆர்.சி.சி.பி.யை, அதாவது கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் பிரேக்கரை, தாண்டி கீசருக்கு டைரக்டாக லைன் கொடுப்பதை நிறுத்துங்கள்.

இந்தப் புகார் மார்கழியில் குவிவதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் கீசருக்கு வருஷத்தில் ஒன்றிரண்டு மாதம்தான் வேலை, மீதி நாள் சும்மா கிடக்கும். தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட்டின் உறைக்குள், நிக்ரோம் கம்பியைச் சுற்றி அடைத்திருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு தூள், ஈரத்தை இழுக்கும் சரக்கு. முனையில் சீல் தளர்ந்திருந்தால் கடற்காற்றே போதும். போதாக்குறைக்கு நம் போர் தண்ணீர். உப்பு படிந்த எலிமென்ட் சூட்டை வெளியே விட முடியாமல் காய்ந்து உறை விரிசல் விடுகிறது. டேங்குக்குள் அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் மெக்னீசியம் ராடு கரைந்து தீர்ந்தபிறகும் யாரும் மாற்றுவதில்லை. (அப்படி ஒன்று இருப்பதே பாதி வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது.)

இப்படி ஈரமோ தண்ணீரோ உள்ளே போனால், கம்பியில் ஓடும் கரண்ட் உறைக்கும் தண்ணீருக்கும் கசியும். இந்தக் கசிவை எம்.சி.பி., அதாவது லோடு மிஞ்சினால் விழும் சாதாரண பிரேக்கர், பிடிக்காது. 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் இழுப்பது சுமார் 8.7 ஆம்பியர். கூடவே கால் ஆம்பியர் கசிந்தாலும் 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது. ஈரக்கையோடு குழாயைத் தொடுபவருக்கோ அதில் ஒரு பங்கு நெஞ்சு வழியாகப் போனாலே உயிருக்கு ஆபத்து. போன கரண்ட் முழுசாகத் திரும்பி வருகிறதா என்று பார்த்து, 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும்.

"பிரேக்கர் சரியில்லப்பா" என்பார் வீட்டுக்காரர். கீசர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிரேக்கரை ஆன் செய்து காட்டுங்கள். சுவிட்சை ஆஃப் செய்தால் போதாது. ஃபேஸ் மட்டும்தான் துண்டாகும், நியூட்ரல் பக்கக் கசிவில் அப்போதும் விழும். பிளக்கை எடுத்ததும் பிரேக்கர் விழாமல் நின்றால் கோளாறு கீசரில்தான். மல்டிமீட்டரில் ஒன்றும் காட்டவில்லை என்று விட்டுவிடவும் வேண்டாம். அதன் சின்ன பேட்டரிக்குத் தெரியாத கசிவு இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகரின் 500 வோல்ட்டில் தெரியும். ஈரம் மட்டும் என்றால் காயவைத்துப் பார்க்கலாம். உறை போயிருந்தால் புது எலிமென்ட்தான், வேறு வழியில்லை.

எர்த் விஷயம் இதைவிட மோசம். ராயபுரம் பக்கத்துப் பழைய வீடுகளில், பீங்கான் கிட்-காட் ஃபியூஸ் காலத்து வயரிங்கில், மூன்று பின் சாக்கெட்டின் பெரிய ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. எர்த் இல்லையென்றால் யாராவது தொட்ட பிறகுதான் ஆர்.சி.சி.பி. விழும். சிலர் நியூட்ரலிலிருந்தே ஒரு துண்டு வயரை எர்த்துக்கு லூப் போட்டுவிடுகிறார்கள். இதற்கு எர்த் இல்லாமலேயே இருக்கலாம். கசிவு நியூட்ரல் வழியாகவே திரும்பிவிடும், ஆர்.சி.சி.பி. ஏமாந்து நிற்கும். என்றைக்காவது மெயினில் நியூட்ரல் கழன்றால் கீசர் பாடி முழுக்க 230 வோல்ட்.

எங்கள் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் சூடு எல்லை மீறாமல் காக்கும் தெர்மல் கட்-அவுட்டை, வேலை செய்யாதபடி ஒரு வயரால் லூப் செய்துவிட்டு வருபவர்கள் உண்டு. அழுத்தத்தை வெளியே விடும் சேஃப்டி வால்வும் உப்பில் அடைத்துப்போன டேங்கில் அது வெடிக்கிற வேலை. அதை நாங்கள் நிறுத்த வேண்டும்.

வாடகை வீடு என்றால் ஓனர் செலவுக்கு யோசிப்பார், "இப்போதைக்கு ஓட்டுப்பா" என்பார். முடியாது என்று சொல்லிவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, எலிமென்ட் மாற்றும்வரை அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொள்ளச் சொல்லி, ஏன் என்பதைக் குடியிருப்பவரிடமும் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி.யே இல்லாத வீடாக இருந்தால் கொட்டேஷனில் முதல் வரியாக அதைப் போடுங்கள். இருக்கிற வீட்டில், கிளம்புமுன் டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டி, மாதம் ஒருமுறை அவர்களையே அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை கீசர் மெக்கானிக் ஒருவன்