லேபிளைப் படித்துவிட்டு எடை போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கத்துப் போர்வெல் தண்ணீரைக் கல்லூரி மாணவர்கள் புராஜெக்டுக்காகச் சோதிப்பது நல்ல காரியம். பருப்பு வேகாத தண்ணீரில் கடினத்தன்மை (கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம்) எவ்வளவு என்று ஊருக்கும் தெரிய வேண்டும். ஆனால் பலர் செய்முறையை வாட்ஸ்அப்பில் சுற்றும் சீனியர் ரெக்கார்டிலிருந்தோ யூடியூபிலிருந்தோ எடுக்கிறார்கள். கையிலிருக்கும் பாட்டிலை யாரும் படிப்பதில்லை.

கடினத்தன்மையை அளக்கத் தண்ணீரில் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கும் 0.01 மோலார் (லிட்டருக்கு மூலக்கூறு எடையில் நூறில் ஒரு பங்கு கிராம்) ஈ.டி.டி.ஏ. கரைசலையே எடுத்துக்கொள்வோம். மூலக்கூறு எடையைச் செல்போனில் தேடினால் 292.24 என்று வரும். அது அமிலத்தின் எடை. அமிலம் தண்ணீரில் சரியாகக் கரையாது. ஆய்வகத்தில் இருப்பது டைசோடியம் டைஹைட்ரேட் உப்பு. அதன் எடை 372.24, லேபிளிலேயே அச்சிட்டிருக்கும். லிட்டருக்கு 3.72 கிராம் போட வேண்டியதற்கு 2.92 போட்டால், 20 மி.லி. தண்ணீருக்கு 9.6 மி.லி. இறங்க வேண்டிய பியூரெட்டில் (அளவுக் குழாயில்) 12.2 இறங்கும். கடினத்தன்மை (கால்சியம் கார்பனேட்டாக) லிட்டருக்கு 480 மி.கி. இருக்கும் தண்ணீர் 610 என்று கணக்கில் வரும். வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500 ஏற்கும் உச்சவரம்பு 600. கிணற்றுக்காரர் பாவம்!

இதைக் காட்டிக்கொடுக்கும் சோதனையை வீடியோக்களில் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். உலர்ந்த கால்சியம் கார்பனேட் 1 கிராமை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, கொதிக்கவிட்டு, ஆறியபின் அம்மோனியாவால் நடுநிலையாக்கி 1 லிட்டராக்க வேண்டும். அதில் 20 மி.லி.க்கு ஈ.டி.டி.ஏ.யும் 20 மி.லி.தான் செலவாக வேண்டும். 25-ஐத் தாண்டினால் எடை தப்பு. இதில் மக்னீசியம் கிடையாது என்பதால், முடிவைக் காட்டும் இண்டிகேட்டரின் (நிறங்காட்டியின்) சிவப்பு-நீல நிறமாற்றம் மந்தமாக இருக்கும். சிறிது மக்னீசியம்-ஈ.டி.டி.ஏ. சேர்த்தால் தெளியும்.

கிணற்றுத் தண்ணீரிலேயே சிவப்பு நீலமாகாமல் ஊதாவில் இழுத்தால், பி.எச். அளவை (காரத்தன்மையை) 10-இல் நிறுத்தி வைக்கும் அம்மோனியா பஃபரைச் சந்தேகிக்கலாம். மூடி சரியில்லாத பாட்டிலில் அம்மோனியா பறந்து பி.எச். 10-க்குக் கீழே போயிருக்கும். அது தெரியாமல் இண்டிகேட்டரைக் கொட்டுவதால் பயனில்லை.

முறையான செய்முறை ஐ.எஸ். 3025, பகுதி 21-இல் உள்ளது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தளத்தில் பதிவு செய்து இறக்கிக்கொள்ளலாம். ஆய்வுக் கட்டுரைகளுக்குக் கல்லூரி நூலகரிடம் என்-லிஸ்ட் (கல்லூரிகளுக்கான இணைய நூலகத் திட்டம்) உள்நுழைவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ரெக்கார்டில் 'செய்முறை எங்கிருந்து எடுத்தது', 'லேபிளில் உள்ள மூலக்கூறு எடை' என இரண்டு வரி எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
ஆய்வகப் பணியாளர்கள்,
சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்