வடசென்னைப் பணிபுரியும் மகளிர் சங்கங்களின் மினிட்ஸ் புத்தகங்களைக் காப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர், ஜார்ஜ் டவுன் பகுதிகளில் பணிபுரியும் மகளிர் சங்கங்கள் சில வெள்ளிவிழாவும் பொன்விழாவும் கண்டுவிட்டன. விழா மலரை எடுத்துப் பார்த்தால் பக்கம் பக்கமாக வாழ்த்துச் செய்திகள், விளம்பரங்கள், விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தும் படங்கள். சங்கம் ஏன் தொடங்கியது, எதற்காக மனுக் கொடுத்தது, எந்த ஆண்டில் ஏன் நொடித்தது, எப்படி மீண்டது என்று ஒரு பக்கம்கூட இருப்பதில்லை. இந்த வரலாறு மினிட்ஸ் புத்தகங்களில், அதாவது கூட்டக் குறிப்பேடுகளில் இருக்கிறது. அந்தப் புத்தகங்களோ முன்னாள் செயலாளர்களின் வீட்டுப் பரணில் இருக்கின்றன. அவற்றைக் காப்பது எப்படி, அவற்றிலிருந்து வரலாற்றை எழுதுவது எப்படி என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

சென்னையில் பெண்கள் இயக்க வரலாறு என்றால் 1917இல் அடையாற்றில் தொடங்கிய இந்திய மாதர் சங்கம் பேசப்படும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேசப்படுவார். பேச வேண்டியவைதான். உலக அளவில், தொழில் செய்யும் பெண்களுக்கெனத் தனிக் கூட்டமைப்பு 1919இல் அமெரிக்காவில் தோன்றியது. 1930இல் ஜெனீவாவில் லேனா மேட்சின் பிலிப்ஸ் என்ற வழக்கறிஞர் அதைப் பன்னாட்டு அமைப்பாக்கினார். இந்த ஆண்டுகளெல்லாம் நூல்களில் பதிவாகியிருக்கின்றன. ஆனால் ஸ்டான்லி மருத்துவமனைச் செவிலியர், ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை மருத்துவர், ராஜாஜி சாலை வங்கி ஊழியர், உயர்நீதிமன்ற வழக்கறிஞர், தொலைபேசி நிலைய ஆப்பரேட்டர், பெரம்பூர் ரயில்வே அலுவலர், மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை என்று நகரின் வேலையைத் தாங்கிய வடசென்னைப் பெண்கள் தங்களுக்குள் அமைத்துக்கொண்ட சின்னச் சின்ன சங்கங்களை எழுத வேறு யாரும் வரப்போவதில்லை. அந்தச் சங்கத்தார்தான் எழுத வேண்டும்.

முதலில் தொடக்க ஆண்டு. பிழை அதிகம் நேர்வது இங்கேதான். பதிவுச் சான்றிதழில் உள்ள ஆண்டைத் தொடக்க ஆண்டாக எடுத்துக்கொண்டு விழாக் கொண்டாடிவிடுகிறார்கள். இப்போது நடைமுறையில் இருப்பது 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். அதற்கு முன் 1860ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இருந்தது. பதிவே செய்யாமல் பள்ளி வகுப்பறையிலும் மருத்துவமனை ஓய்வறையிலும் பல ஆண்டுகள் கூடிவிட்டுப் பிறகு பதிவுக்குப் போன சங்கங்கள் உண்டு. ஆகவே பதிவு ஆண்டு வேறு, முதல் கூட்டம் நடந்த ஆண்டு வேறு. மலரில் இரண்டையும் போடுங்கள். சான்றிதழ் தொலைந்துபோயிருந்தால் கவலை வேண்டாம். பதிவு எண்ணும் ஆண்டும் பழைய லெட்டர்பேடிலோ ரசீதிலோ அச்சாகியிருக்கும். அதைக் கொண்டு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்தால் சங்க விதிகள், முதல் நிர்வாகக் குழு பட்டியல் ஆகியவற்றின் சான்றிட்ட நகல் பெற முடியும். பதிவுக்குக் குறைந்தது ஏழு பேர் கையெழுத்திட வேண்டும் என்பதால் தொடக்க உறுப்பினர் ஏழு பேரின் பெயர், தொழில், முகவரியாவது உறுதியாகக் கிடைத்துவிடும்.

தேதியில்லாத தாள்கள்தான் பெரும் சோதனை. அவற்றுக்கும் வழி இருக்கிறது. சந்தா ரூபாய்–அணா கணக்கில் இருந்தால் அது 1957 ஏப்ரலுக்கு முந்தையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ‘நயா பைசா’ என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. ‘சென்னை மாநிலம்’ என்று அச்சிட்டிருந்தால் 1969 ஜனவரிக்கு முந்தைய அச்சு. ‘மதராஸ்–13’ என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் அஞ்சல் குறியீட்டு எண் வந்த 1972 ஆகஸ்டுக்கு முந்தையது. ‘600 013’ என்றிருந்தால் கட்டாயம் அதற்குப் பிந்தையது. ஆங்கிலத்தில் ‘மெட்ராஸ்’ போய் ‘சென்னை’ வந்தது 1996இல். பாப்ஹாம்ஸ் பிராட்வே பிரகாசம் சாலை ஆனது, முதல் கடற்கரைச் சாலை ராஜாஜி சாலை ஆனது போன்ற பெயர் மாற்றங்களும் உதவும். ஒரு எச்சரிக்கை: பழைய லெட்டர்பேடு தீரும்வரை அதிலேயே எழுதுவார்கள். எனவே அச்சு காட்டுவது ‘இதற்கு முன்னால் இல்லை’ என்ற எல்லையைத்தான். ஒரே அடையாளத்தை வைத்து முடிவு கட்டாமல் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பாருங்கள்.

மினிட்ஸ் புத்தகத்தைப் படிக்கும்போது தீர்மானங்களை மட்டும் பார்ப்பது போதாது. வருகைக் கையெழுத்துப் பட்டியல்தான் உண்மையான புதையல். எந்தத் தொழிலில் இருந்து எத்தனை பேர் வந்தார்கள், எந்த மாதம் கூட்டம் குறைந்தது, கூட்ட நேரம் மாலை ஆறிலிருந்து ஞாயிறு காலைக்கு எப்போது மாறியது என்பதெல்லாம் அங்கே தெரியும். நேரம் மாறியிருந்தால் நைட் டியூட்டி, கடைசிப் பேருந்து, குழந்தைகளின் பள்ளி என்று ஒரு காரணம் இருந்திருக்கும். அதே ஆண்டின் மனுக்களில் அது தென்படும். மகப்பேறு விடுப்பு, அலுவலகத்தில் கழிப்பறை, குழந்தைகள் காப்பகம், பணிபுரியும் மகளிர் விடுதி, சம ஊதியம் ஆகியவை எந்த ஆண்டில் முதன்முதலாகப் பேசப்பட்டன என்று தேடிக் குறியுங்கள். 1961இன் மகப்பேறு நலச் சட்டம், 1976இன் சம ஊதியச் சட்டம், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றி உச்ச நீதிமன்றம் அளித்த 1997இன் விசாகா தீர்ப்பு, 2013இன் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இவற்றோடு ஒப்பிட்டால், சட்டம் வருவதற்கு முன்பே சங்கம் கேட்டதா, வந்தபின் உறுப்பினருக்கு விளக்கியதா என்பது விளங்கும். அதுதான் எழுத வேண்டிய வரலாறு.

குறிப்பே இல்லாத ஆண்டுகளை மறைக்கக் கூடாது. ‘இந்த ஆண்டுகளுக்குக் குறிப்பேடு கிடைக்கவில்லை’ என்று மலரிலேயே அச்சிடுங்கள். அதைப் படித்து எங்காவது ஒரு வீட்டிலிருந்து அந்தப் புத்தகம் வெளிவரலாம். அதுவரை வங்கிப் பாஸ்புக், ரசீது அடிக்கட்டை, தணிக்கை அறிக்கை ஆகியவற்றைக் கொண்டு இடைவெளியை ஓரளவு நிரப்பலாம். முன்னாள் ஆடிட்டர் அலுவலகத்தில் கேளுங்கள். வரவு செலவுக் கணக்கு பொய் சொல்லாது. நாற்காலி வாடகையும் தேநீர்ச் செலவும் எழுதப்பட்ட நாளில் கூட்டம் நடந்திருக்கிறது.

பெயர்களில் தனிக் கவனம் வேண்டும். திருமணத்துக்கு முன் தந்தை பெயரின் முதலெழுத்து, பின் கணவர் பெயரின் முதலெழுத்து என்று ஒரே உறுப்பினர் இரண்டு பேராகத் தெரிவார். பழைய குறிப்புகளில் ‘திருமதி’ என்று போட்டுக் கணவர் பெயரை மட்டுமே எழுதியதும் உண்டு. ஒரு நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அவர் பெயர் எழுதப்பட்ட எல்லா வடிவங்களையும், வேலை பார்த்த இடத்தையும், இடமாற்றம் ஆன ஆண்டையும் குறித்துவந்தால் குழப்பம் தீரும். அந்தப் பெண்ணின் சொந்தப் பெயரைக் கண்டுபிடித்து அச்சேற்றுவது சங்கத்தின் கடமை என்றே நாங்கள் கருதுகிறோம்.

அடுத்து, தாள்களைக் காப்பது. கடலோரக் காற்றின் உப்பிலும் ஈரத்திலும் குண்டூசியும் ஜெம் கிளிப்பும் விரைவில் துருப்பிடித்துத் தாளைத் தின்னும். முதல் வேலையாக அவற்றை மெதுவாகக் கழற்றிவிட்டு, தாளைப் பருத்தி நூலால் தளர்வாகக் கட்டுங்கள். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். பசை மஞ்சளித்து எழுத்தோடு ஊறிவிடும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் தாளோடு ஒட்டும் பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. பேனா மையில் எழுதியதை ஈரத்துணியால் துடைத்தால் எழுத்தே கரையும். ஓர் அங்குல மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினால் போதும். இறுக மூடிய பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் சிக்கிப் பூஞ்சை பிடிக்கும். கஞ்சி போகத் துவைத்து உலர்த்திய காடாத் துணியில் சுற்றுவது மேல். கஞ்சி இருந்தால் இராமபாணப் பூச்சி வரும். அதற்கு மாவுச்சத்துதான் இரை. வசம்பைத் துணி முடிச்சாகக் கட்டித் தட்டின் மூலையில் வைக்கலாம், தாள்மேல் படக்கூடாது. பீரோவை வெளிச்சுவரோடு ஒட்டாமல் ஒரு கை நுழையும் இடைவெளி விடுங்கள். கீழ்த்தட்டில் எதையும் வைக்காதீர்கள். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வடசென்னைத் தரைத்தளங்களில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்பதை நாமெல்லாம் அறிவோம்.

மீறி நனைந்துவிட்டால் வெயிலில் காயவைக்கக் கூடாது. தாள் சுருங்கி உடையும், மை வெளிறும். பக்கங்களை வலிந்து பிரிக்கவும் கூடாது. நிழலில், மின்விசிறிக் காற்றில், சில பக்கங்களுக்கு ஒன்றாக மை உறிஞ்சும் தாள் வைத்து, அது ஈரமானதும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு நாளுக்குள் உலராவிட்டால் பூஞ்சை கிளம்பும். எல்லாவற்றையும் உடனே உலர்த்த ஆளில்லை என்றால், பிளாஸ்டிக் பையில் தனித்தனியாக இட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். அங்கே பூஞ்சை வளராது. பிறகு ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம். ஒட்டிப்போன புகைப்படங்களை இழுத்துப் பிரிக்காமல் நல்ல தண்ணீரில் மிதக்கவிட்டுத் தானாக விலகச் செய்து, முகம் மேலாகப் பரப்பி வையுங்கள்.

புகைப்படத்தின் பின்புறம் பால்பாயிண்ட் பேனாவால் எழுதினால் முன்புறம் தடம் விழும். கறுப்பு வெள்ளைப் படமானால் ஓரத்தில் பென்சிலால் எழுதலாம். வண்ணப் படத்தின் வழுவழுப்பில் பென்சில் பிடிக்காது, உறையில் எழுதி உள்ளே வையுங்கள். குழுப் படத்துக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொரு தலையிலும் எண் போட்டு, மூத்த உறுப்பினர்களிடம் தனித்தனியாகக் காட்டுங்கள். சேர்ந்து உட்கார்ந்தால் ஒருவர் சொன்ன பெயரையே மற்றவர்களும் சொல்லிவிடுவார்கள். பசை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல், இருந்த நிலையிலேயே படமெடுத்துக்கொள்வது நல்லது.

ஸ்கேன் செய்வதானால் எழுத்துத் தாளுக்கு 300 டிபிஐ, புகைப்படத்துக்கு 600. ஸ்கேனர் இல்லையென்றால் ஜன்னலோரம் வைத்து, ஃப்ளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து கைப்பேசியில் எடுத்தாலும் போதும். கோப்புக்கு ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயரிட்டால் அவை தாமாகவே கால வரிசையில் நிற்கும். மூன்று படிகள் எடுத்து, ஒன்றை வடசென்னைக்கு வெளியே வையுங்கள். மங்கும் தன்மையுள்ள பழைய ஃபேக்ஸ் தாள்களை முதலில் நகலெடுங்கள். அண்மை ஆண்டுகளின் நிலை இதைவிட மோசம். முடிவுகள் வாட்ஸ்அப் குழுவிலேயே எடுக்கப்பட்டு, கைப்பேசி மாறும்போது அழிந்துபோகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை அந்த உரையாடலை ஏற்றுமதி செய்து, முடிவுகளை மட்டுமாவது அச்செடுத்து மினிட்ஸ் புத்தகத்தில் ஒட்டுங்கள்.

மூத்தவர்களின் பேச்சைப் பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீட்டாதீர்கள். ‘எந்த வருஷம்?’ என்று கேட்டால் தடுமாறுவார்கள். ‘எம்.ஜி.ஆர். மறைவுக்கு முன்னாலா பின்னாலா?’, ‘சுனாமி வந்தபோது யார் தலைவர்?’ என்று கேட்டால் தெளிவாகச் சொல்வார்கள். பதிவைப் பயன்படுத்த எழுத்தில் சம்மதம் வாங்கி, ஒரு படியை அவர்களுக்கே கொடுங்கள்.

எல்லாவற்றையும் அச்சில் போட்டுவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். கணவரின் கொடுமை குறித்து உதவி கேட்டவர், கடன் திருப்ப முடியாதவர் பெயர்களெல்லாம் குறிப்பேட்டில் இருக்கும். பணியிடப் பாலியல் புகாரின் விவரத்தையும் புகார் கொடுத்தவரின் அடையாளத்தையும் வெளியிட 2013ஆம் ஆண்டுச் சட்டமே தடை விதிக்கிறது. மூலத்தைப் பத்திரமாக வையுங்கள், மலரில் பெயரை விடுங்கள்.

மலர் அச்சானதும் ஒரு படி கன்னிமாரா நூலகத்துக்குப் போக வேண்டும். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களைப் பெறும் நூலகங்களில் அதுவும் ஒன்று. பழைய குறிப்பேடுகளைத் தொடர்ந்து பேண முடியாத சங்கங்கள் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையோ தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையோ அணுகி ஆலோசனை கேட்கலாம். பழைய பேப்பர் கடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள்.

நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் சங்கங்கள் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும். வரும் கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் போடும்படி வடசென்னை மகளிர் சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறோம்: ‘சங்கத்தின் குறிப்பேடுகள், கணக்குகள், படங்கள் அனைத்துக்கும் பட்டியல் எடுக்கப்படும், நிர்வாகிகள் மாறினாலும் மாறாத ஆவணப் பொறுப்பாளர் ஒருவர் நியமிக்கப்படுவார், பொறுப்பு மாறும்போது பட்டியலைச் சரிபார்த்து இருவரும் கையெழுத்திடுவர்.’ தங்கள் நாளிதழும் வடசென்னைப் பதிப்பில் மாதம் ஒருமுறை சிறிது இடம் ஒதுக்கி, பெயர் தெரியாத பழைய குழுப் படம் ஒன்றை வெளியிட்டு வாசகர்களிடம் அடையாளம் கேட்டால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
சங்க ஆவணங்களைத் தொகுத்துவரும் மகளிர் சிலர்,
ராயபுரம், சென்னை–600 013