உன் வளவுக் கோரை

கல்லடி,
பங்குனி 20

மச்சான்,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம். பதில் போடாமல் விட்டது என் பிழைதான், கோபிக்காதே. இங்கே எல்லோரும் சுகம். அக்காவின் முழங்கால் வலிதான் அப்படியே இருக்கிறது. சரி, உன் வளவுக் கதைக்கு வருகிறேன்.

மாரி முடிந்து கேற்றைத் திறந்தால், மாமரத்தடியைத் தவிர எல்லா இடமும் கோரை. வேலைக்கு வந்த பொடியன், “மருந்தடிச்சா ஒரு கிழமையில கருகிடும் அண்ணன்” என்றான். கிளைபோசேட் என்கிற களைக்கொல்லியைத்தான் சொன்னான். 2015இல் தடைசெய்தது, 2022இல் திரும்பக் கடைக்கு வந்துவிட்டதே. நான் விடவில்லை. பத்தடியில் கிணறு, தரையோ மணல். அந்தத் தண்ணீரைத்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் குடிக்கிறார்கள்.

மறுகா நானே இறங்கினேன். இழுத்தால் கையோடு வருவது இலை மட்டும்தான். ஒன்றைச் சுற்றித் தோண்டிப் பார்த்தேன்: கடலையளவில் கறுத்த கிழங்கு, நல்ல வாசம். அதிலிருந்து நூல் மாதிரி ஓடி அடுத்த கிழங்கு, அதிலிருந்து இன்னொன்று. ஒரு முழத்துக்குள் ஏழு எண்ணினேன். மண்வெட்டியால் கொத்தினால் அந்தத் தொடுப்பு அறுந்து ஒவ்வொன்றும் தனித்தனியே முளைக்கும். அதனால் ஒரு சாண் ஆழத்துக்குப் புரட்டி, அரிதட்டில் மண்ணை அரித்து, கிழங்கைத் தகரத்தில் பரப்பி வெயிலில் காயவிட்டேன். தப்பியது தலைகாட்டக் காட்டப் பிடுங்குகிறேன். இலை விட விடாவிட்டால் கிழங்கு உள்ளேயே வற்றிப்போகும்.

கனடாவில் உன் ஸ்காபரோ வீட்டுப் புல்லிலும் இப்போதுதான் டான்டிலயன் என்கிற அந்த மஞ்சள் பூக் களை எழும்பும். ஒன்டாரியோவில் 2009இலிருந்து வீட்டுப் புல்லுக்கு மருந்தடிக்க விடுவதில்லை என்று எழுதியிருந்தாய், நல்ல சட்டம். பனி உருகி மண் ஈரமாக இருக்கும்போதே தோண்டு, ஆணிவேர் முழுதாக வரும். பாதியில் முறிந்தால் மிச்சம் மறுபடி முளைக்கும். புல்லை ஒட்ட வெட்டாதே, மூன்று அங்குலமாவது விடு. நிழல் விழுந்தால் களைவிதை முளைக்கக் கஷ்டம். உங்கள் மாமரத்தடியில் கோரை ஏறாததும் நிழலால்தான்.

அம்மா இருந்த காலத்தில் இந்த முற்றத்தில் ஒரு பூண்டு நிற்காது. அவ இல்லாத மூன்றாவது மாரி இது. வளவை விற்கிற கதையை நீ போனில் எடுத்த இரவு எனக்கு நித்திரையே வரவில்லை. இப்போது முடிவெடுக்காதே, மச்சான். ஆடியில் வந்து அந்த மாமரத்தடியில் ஒருக்கா இருந்து பார், பிறகு கதைப்போம்.

வரும்போது டான்டிலயன் தோண்டுகிற அந்த நீளக் கருவியில் ஒன்று கொண்டு வா. கிணற்றடிப் பக்கம் இன்னும் பாக்கி.

உன்,
மச்சான்