பருவ நிறைவும் முன்வாசல் செடிப்படுகையும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தப் பருவம் நல்லபடியாக முடிந்தது. தேர்வுகள் குறித்தபடி நடந்தன. விளையாட்டு விழாவிலும் அறிவியல் கண்காட்சியிலும் பிள்ளைகள் ஆர்வமாகக் கலந்துகொண்டார்கள், எல்லோருக்கும் பாராட்டுகள். மதிப்பெண் அட்டையில் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பவும்.

அப்புறம், முன்வாசல் செடிப்படுகை பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

"காடு மாதிரி மண்டிக் கிடக்கிறதே, ஆள் வைத்து வெட்டக் கூடாதா?" என்று பலர் கேட்டுவிட்டீர்கள். மட்டமாகக் கத்தரித்த தோட்டங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். ஆனால் அது திட்டம் போட்டு நட்டது. உயரமான புல் வகைகள், இடையிடையே பூச்செடிகள், அடியில் மண்ணை மூடிப் படரும் செடிகள் என்று இயற்கையில் வளர்வது போலவே நெருக்கி நட்டிருக்கிறோம். மண் வெளியே தெரியாவிட்டால் களைக்கும் இடம் குறைவு, ஈரமும் சீக்கிரம் காயாது. நியூயார்க்கில் ரயில் நின்றுபோன ஒரு மேம்பாலத்தில் தானாக முளைத்துக் கிடந்த செடிகளை மனதில் வைத்துத்தான் நெதர்லாந்துத் தோட்ட வடிவமைப்பாளர் பீட் ஔடால்ஃப் 'ஹை லைன்' பூங்காவின் நடவை வடிவமைத்தார். 2009-இல் திறந்த அந்தப் பூங்காவில் காய்ந்த தண்டுகளைக் குளிர்காலம் முழுக்க விட்டுவைத்து, வசந்தம் வரும்போதுதான் வெட்டுகிறார்கள்.

காய்ந்த தண்டு எதற்கு என்றால், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேளுங்கள். பென்சில் கனமுள்ள ஒரு பொந்துத் தண்டின் வாயை, வட்டமாக நறுக்கிய இலைத்துண்டுகள் அடைத்திருந்ததைக் கண்டுபிடித்தது அவர்கள்தான். இலைவெட்டித் தேனீயின் கூடு அது. உள்ளே அறை அறையாக மகரந்தமும் முட்டையும் இருக்கும். குப்பை என்று ஒடித்துப் போட்டால் அத்தனையும் போச்சு.

பூச்சி பொட்டு வரும் என்ற பயம் நியாயமானது. அதனால்தான் நடைபாதை ஓரத்தை எப்போதும் ஒட்ட வெட்டி வைக்கிறோம். உயரமான செடிகள் பின்னால் மட்டுமே. கொசு பெருக, தண்ணீர் பல நாள் தேங்கி நிற்க வேண்டும். இங்கே மழை விட்ட மறுநாளே வடிந்துவிடுகிறது.

அப்படி வடிவது மண் பொலபொலவென்று இருக்கும்வரைதான். மாலையில் படுகைமேல் வண்டியை ஏற்றி நிறுத்தினால் மண் இறுகிவிடும். அப்புறம் தண்ணீர் உள்ளே இறங்காமல் வாசலில்தான் நிற்கும். இதைவிட வருத்தம், போன வாரம் யாரோ களைக்கொல்லி அடித்திருக்கிறார்கள். உதவியாக நினைத்தே செய்திருக்கலாம். ஆனால் பிள்ளைகள் கையால் தொட்டுப் பார்க்கும் இடம் அது. இதை ஏற்க முடியாது. பள்ளி வளாகத்தில் மருந்து அடிக்கவோ செடியைப் பிடுங்கவோ எந்தப் பெற்றோருக்கும் அனுமதி இல்லை. வண்டிகள் தொடர்ந்து ஏறினால், பிள்ளைகளைப் பின்வாசல் வழியாகத்தான் அனுப்ப வேண்டிவரும்.

சரி, கடுமையாகச் சொன்னதாக நினைக்க வேண்டாம். விடுமுறையிலும் வந்து தண்ணீர் ஊற்றியவர்கள், நாற்று கொடுத்தவர்கள், வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வருபவர்கள் என்று உங்களில் பலர் இதைத் தாங்கிப் பிடிக்கிறீர்கள். மனமார்ந்த நன்றி. அடுத்த பருவத்தின் முதல் சனிக்கிழமை காலை, கூடு இல்லாத பழைய தண்டுகளை வெட்டப் போகிறோம். வர முடிந்தவர்கள் கையுறையும் கத்தரியும் கொண்டு வாருங்கள். எதை வெட்டுவது, எதை விடுவது என்று ஆறாம் வகுப்பு சொல்லிக்கொடுக்கும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்