விளக்கு முதலில், வைஃபை அப்புறம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஆள் நடமாட்டம் கண்டால் தானே எரியும் விளக்கை இஎஸ்பி8266 என்ற, வைஃபை உள்ள சின்னக் கணினி போர்டை வைத்துச் செய்வது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில், "நிரலைப் புரிந்துகொள்ளத் தேவையில்லை, அப்படியே நகலெடுத்தால் போதும்" என்று ஒரு வரி. எதிலிருந்து நகலெடுப்பது ஐயா? நிரல் காகிதத்தில் அல்லவா இருக்கிறது! பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்தாலும் ஆகாது. உங்கள் அச்சுக்கோப்பாளர் மேற்கோள் குறிகளையெல்லாம் அழகாக வளைத்துவிட்டார். வளைந்த குறியை, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஏற்காது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அழகு முக்கியம், சரி.

என் தங்கை மகன் கட்டுரையை நம்பி, பாட்டி இரவில் எழுந்து போகும் வழியில் அந்த விளக்கை மாட்டினான். குறிகளை அவனே நிமிர்த்திக்கொண்டான், கெட்டிக்காரன். விளக்கு சில நாள் எரிந்தது, சில நாள் எரியவில்லை. என்னைக் கூப்பிட்டான். போய்ப் பார்த்தால், அசைவைக் கண்டறியும் சென்சாரின் வெளியீடு போர்டின் டி3 பின்னில், அதாவது டி3 என்ற இணைப்புக் காலில், இருக்கிறது. உங்கள் படத்திலும் அப்படித்தான். டி3 என்பது சிப்பின் ஜிபிஐஓ 0 என்ற இணைப்பு. மின்சாரம் வரும் நேரத்தில் அந்தப் பின்னின் மின்னழுத்தம் தாழ்ந்திருந்தால், போர்டு நிரலை ஓட்டாமல், புது நிரல் ஏற்றுவதற்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். அசைவு இல்லாதபோது சென்சாரின் வெளியீடு தாழ்ந்துதான் இருக்கும். ஆக, கரண்ட் போய் வரும் வேளையில் யாராவது எதிரே கையை ஆட்டிக்கொண்டிருந்தால் பிழைத்தோம்! 2014-ல் வந்த சிப் இது, இந்தக் குணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். டி5-க்கு மாற்றினால் தீர்ந்தது.

அப்புறம், எச்.சி-எஸ்ஆர்501 என்ற அந்த அசைவு சென்சாருக்கு 3.3 வோல்ட் கொடுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அதன் வெளியீடுதான் 3.3 வோல்ட், ஊட்ட வேண்டியது 5 வோல்ட். குறைவாகக் கொடுத்தால் ஆளே இல்லாத அறையில் ஆள் வந்ததாகச் சொல்லும். ஒழுங்காக 5 வோல்ட் கொடுத்தாலும், மின்சாரம் வந்த முதல் நிமிடம் அது நிலைகொள்ளாது. அதுபற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கட்டுரையாளர் வீட்டு வைஃபையின் கடவுச்சொல் மட்டும் தெளிவாக அச்சாகியிருக்கிறது, மிக்க நன்றி.

இதையெல்லாம்கூடப் பொறுக்கலாம். என்னால் பொறுக்க முடியாதது, வைஃபை கிடைக்கும்வரை அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும் அந்த 'வைல்' லூப். ரௌட்டர் நின்றிருக்கும்போது மின்சாரம் போய் வந்தால், விளக்கும் கிடையாது. பாட்டி இருட்டில் தடவிக்கொண்டு போக வேண்டும், ஏனென்றால் இணையம் இல்லை! வைஃபையைத் தொடங்கச் சொல்லிவிட்டு நகர்ந்தால் அது பின்னணியில் தானே இணைந்துகொள்ளும். விளக்குக்கு அதனிடம் வேலையே இல்லை. தொலைபேசியிலிருந்து அணைக்க ஆசைப்படுபவர்களுக்குத்தான் வைஃபை.

விளக்கை எரியவிட்டு நிரலை அப்படியே நிறுத்திவைக்கும் ஒரு நிமிட 'டிலே' இன்னொரு கூத்து. அந்த நிமிடம் முழுக்க நிரல் சென்சார் பக்கம் திரும்பிப் பார்க்காது. போர்டு ஓடத் தொடங்கியதிலிருந்து எத்தனை மில்லிவிநாடி ஆயிற்று என்று சொல்லும் 'மில்லிஸ்' கொண்டு, கடைசியாக அசைவு கண்ட நேரத்தைக் குறித்துவைத்து, இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழித்துப் பார்த்தால் போதும். கூட்டி ஒப்பிடாமல் கழிக்க வேண்டும். ஏனென்றால் அந்த எண் சுமார் 49 நாளில் நிரம்பி மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கழித்தால் அப்போதும் கணக்கு தப்பாது. புரிந்துகொள்ளத் தேவையில்லை என்று நீங்கள் சொன்ன நிரல் இதுதான்.

போர்டு சொன்னபடி விளக்கின் மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் ஸ்விட்சான ரிலேயின் படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மெயின் லைன் வயரை வெறுமனே முறுக்கி, டேப்கூடச் சுற்றாமல் படம் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். பள்ளிப் பிள்ளைகளும் படிக்கும் பகுதி இது. மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுத் தொடவும் என்று ஒரு வரி போட இடமில்லை. எதிர்ப்பக்கம் முழுவதும் புது கைபேசி விளம்பரம்.

முன்பும் ஒருமுறை, சர்க்யூட் படங்கள் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிட்டன என்று நீளமாக எழுதினேன். அதில் 'தங்கள் பகுதி அருமை' என்ற என் முதல் வரியை மட்டும் என் பெயரோடு பிரசுரித்தீர்கள். படித்த நண்பர்கள் வாழ்த்தினார்கள். இந்தத் தடவை அப்படி ஒரு வரி எழுதவில்லை, தேட வேண்டாம்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு மூலையில், சென்சாருக்கு 5 வோல்ட், வெளியீடு டி5-க்கு என்று திருத்தம் போடுங்கள். இனி நிரல் அச்சிடும்போது மேற்கோள் குறிகளை நேராக விடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்