வெப்பக் கட்டுப்பாடுள்ள சால்டரிங் கருவி வழங்கக் கோரி மனு

அனுப்புநர்:
படகு ஜிபிஎஸ், வயர்லெஸ் பழுதுபார்ப்போர்,
பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பகுதி.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
இராமநாதபுரம்.

பொருள்: பயிற்சிக் கருவிப் பெட்டியில் உள்ள சாதா சால்டரிங் அயர்னை (மின்பாகங்களை ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் கருவி) மாற்றித் தருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

விசைப்படகுகளின் ஜிபிஎஸ், கடல் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், பேசுவதற்கான விஎச்எஃப் வயர்லெஸ் செட் ஆகியவற்றைப் பழுதுபார்த்துப் பிழைத்து வருகிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் மொத்தமாகக் கரையில் நிற்கும்போதுதான் எங்களுக்கு வேலை குவியும். இத்தொழில் கற்கும் பிள்ளைகளுக்குப் பயிற்சி முடிவில் தரும் பெட்டியில் 25 வாட் சாதா அயர்ன்தான் இருக்கிறது.

அதில் சூட்டைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. கரண்டு ஏறி இறங்கினால் சூடும் ஏறி இறங்கும். வெள்ளீயம் 60, காரீயம் 40 பங்கு கலந்த 60/40 பற்றீயம் 183 முதல் 190 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். பிட் (அயர்னின் சூடாகும் முனை) 320, 350-இல் நின்றால் போதும். புது செட்டுகளில் வரும் காரீயம் கலக்காத பற்றீயம் 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். அதற்கு 350, 380 வேண்டும். உப்புக்காற்றில் பச்சை பூத்த சர்க்யூட் போர்டில் 400-ஐத் தாண்டிய பிட்டை வைத்து அழுத்தினால் செம்புத் தடமே பெயர்ந்து வந்துவிடும். ஆன்டெனா சாக்கெட்டின் எர்த் பக்கமோ சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். அங்கே 25 வாட் திணறும். ஒட்டியது போலத் தெரிந்தாலும், படகு அலையில் குலுங்கியதும் விட்டுவிடும். கச்சத்தீவுப் பக்கம் இரவில் ஜிபிஎஸ் அணைந்தால் எல்லை எங்கே என்று கண்ணால் பார்த்தா சொல்ல முடியும்? எல்லை தாண்டினார்கள் என்று பிடிபட்டால் ஆளும் படகும் சேர்ந்தே போய்விடும்.

ஆகவே அடுத்த கொள்முதலில் 200 முதல் 450 டிகிரி வரை மாற்றிக்கொள்ளக்கூடிய, 60 வாட்டுக்குக் குறையாத, பிட்டுக்கு எர்த் உள்ள சால்டரிங் ஸ்டேஷன் வாங்கித் தர வேண்டுகிறோம். கூர்பிட் ஒன்றும் உளிமுனைப் பிட் ஒன்றும் கூடவே வேண்டும். ஸ்டேஷனின் அட்டைப்பெட்டியில் 500 டிகிரி என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்கிவிட வேண்டாம். அவ்வளவு சூடு இந்த வேலைக்குத் தேவையே இல்லை. வைத்த அளவில் நிற்கிறதா என்று பிட் முனையில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து வாங்குவதே சரி. மாற்றுப் பிட் இராமநாதபுரம் கடைகளிலேயே கிடைக்கும் மாடலாக இருக்கட்டும். பிட் தேய்ந்த ஒவ்வொரு முறையும் மதுரைக்கு ஆள் அனுப்ப முடியாது.

விலை கூடும் என்பது தெரிந்தே கேட்கிறோம். ஆளுக்கொன்று தர நிதி போதாவிட்டால், பயிற்சி நடக்கும் இடங்களில் பொதுவாகச் சிலவற்றை வைத்தாலும் சமாளித்துக்கொள்வோம். தடைக்காலம் தொடங்குமுன் கிடைத்தால் இவ்வருட வேலைக்கே உதவும்.

இப்படிக்கு,
மேற்கண்ட பகுதிப் பழுதுபார்ப்போர்
இடம்: பாம்பன்