கட்டத் தெரிந்த பிள்ளைகளுக்குத் தகைமைச் சான்றிதழ் வேண்டும்

ஆசிரியருக்கு,

திருகோணமலை நகருக்கு வடக்கே, கடற்கரையோரக் கிராமமொன்றில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் முன்பள்ளிக்குப் புதுக் கதவும் ஜன்னல்களும் போட்டு மூன்று மாதமாகிறது. அதைச் செய்தது எந்தக் கொந்தராத்துக்காரரும் இல்லை. ஊர்ச் சங்கம் நடத்திய பயிற்சியில் மேசன் வேலையும் தச்சு வேலையும் பழக வந்த பதினொரு பிள்ளைகள். இருவர் பெண் பிள்ளைகள். வெடித்த சுவரை உடைத்துப் பூசியதும், பின்பக்கம் சமையலுக்கு அரைச்சுவர் எழுப்பியதும் அவர்கள்தான்.

பயிற்சி நடந்த ஆறு மாதமும் பக்கத்தில் நின்று பார்த்தவள் என்றபடியால் எழுதுகிறேன். பழைய கட்டடத்தில் கழற்றிய முதிரை மரத்தில் ஒரு பொடியன் கதவு நிலை செய்தான். என் கண்ணுக்கு அது நேராகத்தான் இருந்தது. பிள்ளைகளைப் பழக்கிய தச்சரான ஓடாவியார் ஒரு நூலை எடுத்து, மேல் மூலையிலிருந்து எதிர்க் கீழ் மூலைக்குப் பிடித்து முடிச்சுப் போட்டார். அதே நூலை மற்ற இரு மூலைகளுக்கும் பிடித்தபோது முடிச்சு ஒரு விரல் தள்ளி நின்றது. "கழட்டு தம்பி" என்றார். அவன் மத்தியானம் சாப்பிடவும் போகவில்லை. துளைக்குள் இறங்கும் மரமுனையான கழுந்தை உளியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுவதும் துளையில் பூட்டிப் பார்ப்பதுமாக இருந்தான். பின்னேரம் ஐந்து மணிபோல முடிச்சு மூலையில் வந்து நின்றது.

"கச்சானில செய்யிற கதவு மாரிக்கு ஊதும், இடம் விடுங்கோ" என்று ஓடாவியார் சொல்லிக்கொண்டே இருப்பார். கச்சான் என்பது வறண்ட காற்று வீசும் காலம். இப்போது மாரி. கதவு இறுகவில்லை. பூச்சும் அப்படித்தான். கச்சான் காற்றுக்கு அது ஒரே நாளில் வெளிறிவிடும் என்று ஏழு நாள் காலையும் மாலையும் தண்ணீர் அடித்தார்கள். அரைச்சுவரின் மூலையை மூன்றடி, நான்கடி, ஐந்தடி அளந்து நூல் கட்டியவள் ஒரு பெண் பிள்ளை. பைதகரசு தேற்றம் பாடசாலையில் விளங்கவில்லை, இங்கேதான் விளங்கியது என்று என்னிடம் சொன்னாள்.

இவ்வளவு பழகிய பிள்ளைகளுக்குக் கடைசி நாளில் கிடைத்தது பங்குபற்றியதற்கான சான்றிதழ் மட்டுமே. கொழும்பிலோ கட்டாரிலோ அதைக் காட்டி மேசன் சம்பளம் கேட்க முடியாது. என் தம்பி 2004 சுனாமிக்குப் பிறகு வீடுகள் கட்டிய காலத்தில் வேலை பழகியவன். கல் வைப்பான், பூசுவான், கம்பி கட்டுவான். தகைமைச் சான்றிதழ் இல்லையென்று கட்டாரில் அவனைக் கையாளாகத்தான் எடுத்தார்கள். நான்கு வருடம் மற்றவர்களுக்குச் சீமெந்துக் கலவை சுமந்தான். இந்தப் பிள்ளைகளுக்கும் அதே கதி வருவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நம் நாட்டில் தேசிய தொழிற்தகைமை ஏழு நிலைகளில் இருக்கிறது. மேசனுக்கும் தச்சருக்கும் கைகொடுப்பவை மூன்றாம், நான்காம் நிலைகள். வகுப்புக்குப் போகாமல் வேலைத்தளத்தில் பழகியவரையும் சோதித்துச் சான்றிதழ் கொடுக்க, முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை இருக்கிறது. தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை அதைச் செய்கிறது. வழி இருந்தும் எங்கள் பிள்ளைகளுக்கு அதை யாரும் காட்டவில்லை.

ஊருக்காகக் கட்டுகிறோம், பிள்ளைகளையும் பழக்குகிறோம் என்று வருகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். முதல் நாளிலேயே தகைமை மதிப்பீட்டுக்கு ஏற்பாடு செய்யுங்கள். யார் எந்தக் கதவு நிலையைப் பூட்டினார், எந்தச் சுவரைப் பூசினார் என்று அன்றன்றே எழுதி, ஓடாவியாரின் கையெழுத்தை வாங்கி வையுங்கள். வேலை நடக்கும்போதே மதிப்பீட்டாளரைக் கட்டடத்துக்கு அழைத்து வாருங்கள். பயிற்சி முடிந்ததும் உளியையும் சீவுளியையும் திரும்ப வாங்கிக்கொண்டு போவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். ஆயுதம் இல்லாமல் வீட்டுக்குப் போன பிள்ளை எதைக் கொண்டு கைப்பழக்கத்தைக் காப்பாற்றும்?

எங்கள் பதினொரு பேருக்கும் இன்னும் காலம் கடந்துவிடவில்லை. அவர்கள் செய்த வேலைக்குச் சாட்சி சொல்ல ஓடாவியார் ஆயத்தமாக இருக்கிறார். கிழமை நாட்களில் காலை எட்டு மணிக்கு முன்பள்ளியைத் திறப்போம். மதிப்பீட்டாளர்கள் எந்த நாளும் வரலாம்.

இப்படிக்கு,
முன்பள்ளி ஆசிரியை ஒருவர்,
திருகோணமலை.